வீட்டில் குக்கீ சுடும்போது வரும் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குக்கீ சுடப் பழகுகிறவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். தட்டையாகப் பரவிவிட்டது, கடிக்கவே முடியவில்லை, அடி கருகி மேலே வெளுத்திருக்கிறது. கேட்பவர்கள் அநேகமாகச் செய்முறையைக் குறை சொல்லிவிட்டு வேறு செய்முறையைத் தேடப் போகிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் சூட்டில்தான் இருக்கிறது: வெண்ணெய் எவ்வளவு இளகியிருந்தது, ட்ரே எவ்வளவு சூடாக இருந்தது, ஓவன் உண்மையில் எத்தனை டிகிரியில் இருந்தது. அதனால் கீழே உள்ள பல பதில்கள் முதல் சில கேள்விகளுக்கே திரும்பி வரும். சொன்னதையே மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறேன். டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்.

1. வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கணும்னு எல்லாச் செய்முறையிலும் போட்டிருக்கு. அது எப்படி இருந்தால் சரி?

18 முதல் 20 டிகிரி வரை. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக்கூடாது. தொட்டால் இன்னும் லேசாகக் குளிர்ச்சி தெரிய வேண்டும். மேலே எண்ணெய் மினுமினுத்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைத் துகள்கள் வெண்ணெயைக் கீறிக் கீறிச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களை உள்ளே அடைக்கின்றன. அளவாக இளகிய வெண்ணெய்தான் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும். கெட்டியாக இருந்தால் காற்று நுழையாது, உருகியிருந்தால் தங்காது. சூடான ஊர்களில் "அறை வெப்பநிலை" என்ற சொல்லை நம்பி வெண்ணெயை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் அது குழைந்துவிடும். சின்னத் துண்டுகளாக நறுக்கி வைத்து, 10 நிமிடத்திலிருந்தே தொட்டுப் பாருங்கள்.

2. கப்பில் அளந்தால் போதாதா? தராசு கட்டாயமா?

கட்டாயம் என்றுதான் சொல்வேன். மைதாவைக் கரண்டியால் கப்பில் லேசாகப் போட்டு வழித்தால் ஒரு கப் சுமார் 120 கிராம் வரும். அதே கப்பை மைதா டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராமைத் தாண்டிவிடும். இரண்டு கப் கேட்கிற செய்முறையில் 60 கிராம் கூடிவிடுகிறது. மெத்தென்று வர வேண்டிய குக்கீ வறண்டு போக அது போதும்.

தராசு இல்லாவிட்டால், டப்பாவிலுள்ள மைதாவை முள்கரண்டியால் கிளறித் தளர்த்தி, கரண்டியால் கப்பில் நிரப்பி, கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். கப்பைத் தட்டி அமுக்க வேண்டாம்.

3. ஓவனை 180-ல் வைத்தேன். உள்ளேயும் 180-தானே இருக்கும்?

பெரும்பாலும் இருக்காது. வீட்டு ஓவனில் சூடாக்கும் கம்பி எரிந்து அணைந்து, எரிந்து அணைந்துதான் வேலை செய்யும். அதனால் உள்சூடு குறித்த எண்ணுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அதோடு குமிழ் காட்டும் எண்ணே 10, 20 டிகிரி தவறாக இருப்பது சாதாரணம். ஓவனுக்குள் வைக்கிற சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குக்கீக்காக வாங்கும் பொருள்களில் தராசுக்கு அடுத்தபடியாக அதைத்தான் சொல்வேன்.

சூடானதற்கான விளக்கு அணைந்த உடனே ட்ரேயை உள்ளே தள்ளாதீர்கள். காற்று சூடாகியிருக்கும், ஓவன் சுவர் சூடாகியிருக்காது; கதவைத் திறந்ததும் சூடு சரிந்துவிடும். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். விசிறி ஓடும் கன்வெக்ஷன் முறையில் சுட்டால், சாதாரண ஓவனுக்கு எழுதிய சூட்டிலிருந்து 15 முதல் 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும்.

4. குக்கீ எல்லாம் பரவி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகிவிட்டது. எங்கே தப்பு?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓவனுக்குள் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியிலேயே உருகிவிடும், சர்க்கரையும் கரையும், குக்கீ மாவு இளகிப் பரவும். இன்னொரு பக்கம் முட்டையும் மைதாவிலுள்ள மாவுச்சத்தும் சூட்டில் இறுகி வடிவத்தைப் பிடிக்கும். ஆனால் இவை இறுக 60 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இந்த இடைவெளியில் மாவு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு பரவும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை: வெண்ணெய் குழைந்திருந்ததா (கேள்வி 1), மைதா குறைந்ததா (கேள்வி 2), ஓவனில் சூடு போதவில்லையா (கேள்வி 3). ஓவன் சூடு குறைந்தால் பரவாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. மந்தமான ஓவனில் வெண்ணெய் உருகிவிடும், இறுகுவதுதான் தாமதமாகும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ட்ரேயைப் பாருங்கள். ட்ரேயில் வெண்ணெய் தடவினால் மாவு வழுக்கிப் பரவும்; அதற்குப் பதில் பேக்கிங் பேப்பர் போடுங்கள். மெழுகு பூசிய தாள் வேண்டாம், மெழுகு உருகிவிடும். சர்க்கரையோ பேக்கிங் சோடாவோ கூடினாலும் பரவும். வெண்ணெயையும் சர்க்கரையையும் அளவுக்கு மீறி அடித்தாலும் குக்கீ ஓவனில் உப்பிவிட்டு, தாங்காமல் அமுங்கிவிடும்.

கையில் இன்னும் மாவு மிச்சம் இருக்கிறதா? ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்புறம் ஒரே ஒரு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். இன்னும் பரவினால் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி மைதா சேர்த்து, உருண்டைகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் இடம் விட்டுச் சுடுங்கள். கொஞ்சமாகப் பரவியவற்றையும் காப்பாற்றலாம். ஓவனிலிருந்து எடுத்த உடனே, சூடு இருக்கும்போதே, குக்கீயைவிடப் பெரிய வட்ட வாய் கொண்ட டம்ளரைக் கவிழ்த்துச் சுழற்றினால் ஓரம் உள்ளே ஒதுங்கி வட்டமாகிவிடும்.

5. எனக்கு நேர் எதிர். உருண்டையாக வைத்தது உருண்டையாகவே வெந்திருக்கு!

மைதா கூடிவிட்டது. பத்தில் ஒன்பது பேருக்குக் கப் அளவுதான் காரணம். முழுக்கோதுமை மாவு போட்டிருந்தாலும் இப்படி ஆகும். அதன் தவிடு ஈரத்தை நிறைய இழுத்துக்கொள்ளும். மாவு அதிகம் குளிர்ந்திருந்தாலும் பரவாது. சுடும் முன் உருண்டைகளை உள்ளங்கையால் அரை அங்குலம், முக்கால் அங்குலம் உயரத்துக்குத் தட்டிவிடுங்கள். மாவு உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி பால் விட்டுச் சேர்த்துப் பிடியுங்கள். ஒரே தடவையில் நிறைய ஊற்ற வேண்டாம்.

6. முதல் ட்ரே அருமையாக வந்தது. அதே மாவுதான், இரண்டாவது ட்ரே தட்டையாகிவிட்டது. எப்படி?

சூடான ட்ரேயிலேயே அடுத்த உருண்டைகளை வைத்திருப்பீர்கள். ஓவனுக்குப் போகும் முன்பே அடியில் வெண்ணெய் உருக ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு ட்ரே வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சுடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் குழாய்த் தண்ணீரில் நன்றாக ஆறவிட்டு, துடைத்துவிட்டு வையுங்கள். காத்திருக்கும் மாவு வெளியே இருக்கக்கூடாது, ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

7. அடி கருகிடுது, மேலே பார்த்தால் வெள்ளையாவே இருக்கு.

கறுப்பு நிற ட்ரே சூட்டை அதிகம் உறிஞ்சி அடியைச் சீக்கிரம் சிவக்க வைக்கும். வெளிர் நிற, கொஞ்சம் கனமான அலுமினிய ட்ரே குக்கீக்கு நல்லது. கறுப்பு ட்ரேதான் உண்டு என்றால் சூட்டை 10 டிகிரி குறைத்துப் பாருங்கள், அல்லது ஒரு ட்ரேயின் மேல் இன்னொரு ட்ரேயை அடுக்கிச் சுடுங்கள். இடையில் உள்ள காற்று அடிச்சூட்டைத் தணிக்கும்.

ட்ரே ஓவனின் நடுத் தட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிறிய ஓடிஜியில் (OTG, மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) கீழ்க் கம்பி ட்ரேக்கு மிக அருகில் இருக்கும். அதில் ஒரு தட்டு மேலே ஏற்றி வைப்பது நல்லது. மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிகிற மாதிரி வைத்திருக்கிறீர்களா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கீழ்க் கம்பி மட்டும் எரிந்தால் மேலே நிறம் வராது.

8. ஒரு பக்கம் சிவந்து, இன்னொரு பக்கம் பச்சையாக இருக்கிறதே?

எல்லா ஓவனிலும் சூடு ஒரு மூலையில் கூடுதலாகத்தான் இருக்கும். பாதி நேரம் கடந்ததும் ட்ரேயை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். அதற்கு முன் கதவைத் திறக்க வேண்டாம். உருண்டைகள் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் இப்படித்தான் தெரியும். தராசில் ஒவ்வொன்றையும் 35 கிராம், 40 கிராம் என்று நிறுத்து வைத்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

9. எப்போது வெளியே எடுக்கணும்? தொட்டால் நடுவில் மெத்துனு இருக்கு, வேகலையோன்னு பயமா இருக்கு.

அந்தப் பயத்தில் இன்னும் 3 நிமிடம் விடுவதால்தான் பலருடைய குக்கீ கடினமாகிறது. ஓரம் இறுகி லேசாகச் சிவந்து, நடுப்பகுதி ஈரப் பளபளப்பு போய் மங்கலாக, ஆனால் இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் சூடான ட்ரே அதை வேக வைத்துக்கொண்டே இருக்கும். ஆற ஆற வெண்ணெயும் சர்க்கரையும் கெட்டிப்படும். ஓவனுக்குள்ளேயே கெட்டியாக இருக்கிற குக்கீ, ஆறிய பிறகு அதைவிடக் கெட்டியாகிவிடும்.

ட்ரேயிலேயே 5 நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். உடனே எடுத்தால் உடையும்; ட்ரேயிலேயே முழுக்க ஆறவிட்டால் அடியில் ஆவி தங்கி நமுத்துவிடும். மொறுமொறுப்பான வகை என்றால் கணக்கு வேறு: சூட்டை 160 டிகிரி அளவுக்குக் குறைத்து, ஈரம் வெளியேறும்வரை நிதானமாகச் சுட வேண்டும்.

10. சுட்ட அன்று நன்றாக இருந்தது. மறுநாள் கல் மாதிரி ஆகிவிட்டது.

கேள்வி 9-இல் சொன்ன அந்தக் கூடுதல் நிமிடங்கள் ஒரு காரணம். இன்னொன்று சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டால் குக்கீ மொறுமொறுப்பாகி, நாளாக ஆகக் கெட்டிப்படும். பிரவுன் சுகரில் உள்ள வெல்லப்பாகு ஈரத்தைப் பிடித்து வைக்கும். மெத்தென்ற குக்கீ வேண்டுமானால் மொத்தச் சர்க்கரையில் பாதிக்கு மேல் பிரவுன் சுகராக இருக்கட்டும். மைதா சேர்த்த பிறகு நிறையப் பிசைந்திருந்தாலும் பசைத்தன்மை வலுத்துக் கடினமாகும். வெள்ளைத் தடம் மறைந்த உடனே நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே கெட்டியானதைக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு துண்டு பிரெட்டோடு ஒரு ராத்திரி மூடி வையுங்கள். பிரெட்டின் ஈரம் குக்கீக்கு மாறிவிடும்.

11. மொறுமொறுப்பா சுட்ட குக்கீ டப்பாவில் போட்டதும் நமுத்துப்போச்சு.

முழுதாக ஆறும் முன் மூடிவிட்டீர்களா? உள்ளே இருக்கும் வெதுவெதுப்பே ஆவியாகி அதை நமுக்க வைக்கும். மெத்தென்ற வகையையும் மொறுமொறுப்பான வகையையும் ஒரே டப்பாவில் போட்டாலும் இதே கதைதான். நமுத்ததை 150 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, கம்பித் தட்டில் ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

12. குக்கீ கேட்டால் கேக் மாதிரி வருதே?

முட்டை கூடியிருக்கும், அல்லது பேக்கிங் பவுடர் கூடியிருக்கும், அல்லது வெண்ணெயை நிறைய அடித்துக் காற்றேற்றியிருப்பீர்கள். முட்டையின் வெள்ளைக்கரு உப்பவைத்து உலர்த்தும். மஞ்சள் கருவின் கொழுப்பு மென்மையையும் இழுவையையும் தரும். ஒரு முழு முட்டைக்குப் பதில் இரண்டு மஞ்சள் கரு போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். பெரிய முட்டை ஓடு நீங்கலாகச் சுமார் 50 கிராம் இருக்கும். செய்முறை எந்த அளவு முட்டையைச் சொல்கிறது என்று பார்ப்பதும் நல்லது.

13. பேக்கிங் சோடா இல்லை, அதே அளவு பேக்கிங் பவுடர் போடலாமா?

அதே அளவு போட முடியாது. சோடா வெறும் காரம். பிரவுன் சுகர், தேன், தயிர் மாதிரி புளிப்புள்ள ஏதாவது கூட இருந்தால்தான் அது முழுதாக வேலை செய்யும். பவுடரில் அந்தப் புளிப்பும் சேர்த்தே கலந்திருக்கிறது. அதனால் வீரியம் குறைவு. ஒரு தேக்கரண்டி சோடாவுக்கு மூன்று தேக்கரண்டி பவுடர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் குக்கீயின் குணமே மாறும். சோடா போட்டால் நன்றாகப் பரவும், நன்றாகச் சிவக்கும். பவுடர் போட்டால் உயரமாக, வெளிறி, கேள்வி 12 பக்கம் சாயும்.

குக்கீயில் சோப்பு மாதிரி ஒரு ருசி வந்தால் சோடா கூடியிருக்கிறது, அல்லது கட்டியாகத் தங்கியிருக்கிறது. மைதாவோடு சேர்த்துச் சலித்துவிடுங்கள். பழைய டப்பாவைச் சோதிக்க, பவுடரைச் சூடான தண்ணீரிலும் சோடாவை வினிகரிலும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று நுரைக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

14. மாவை ஃபிரிட்ஜில் வைக்கிறது அவசியமா, இல்லை சும்மா சொல்றதா?

அவசியம். அரை மணி நேரத்தில் வெண்ணெய் கெட்டிப்படத் தொடங்கும், பரவுவது குறையும். ஒரு நாள் வைத்தால் மைதா ஈரத்தை முழுக்க இழுத்துக்கொள்ளும். நிறமும் மணமும் ஆழமாகும். சாக்லேட் சிப்ஸ் குக்கீ மாவை முதல் நாளே கலந்துவிடுவதுதான் என் பழக்கம். உருண்டை பிடித்த பிறகு குளிரவையுங்கள். மொத்தமாக வைத்தால் கெட்டியாகி உருட்டுவது சிரமம்.

ஃபிரீசரில் உருண்டைகளாக மூன்று மாதம் வரை வைக்கலாம். உறைந்தபடியே சுடலாம், இரண்டு நிமிடம் கூடுதலாகும்.

15. உடம்புக்கு நல்லதுன்னு சர்க்கரையைப் பாதியாக்கினேன். என்னவோ போல ஆகிவிட்டது.

குக்கீயில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. பரவ வைப்பது, சிவக்க வைப்பது, ஈரத்தைப் பிடிப்பது எல்லாம் அதன் வேலை. பாதியாக்கினால் வெளிறி, வறண்டு, கேள்வி 5-இல் சொன்ன உருண்டைதான் கிடைக்கும். நான்கில் ஒரு பங்குவரை குறைக்கலாம், பெரிய மாற்றம் தெரியாது. அதற்கு மேல் குறைக்க நினைத்தால், சின்னக் குக்கீயாகச் சுட்டு ஒன்றோடு நிறுத்துவது மேல்.

16. வெண்ணெய்க்குப் பதில் நெய், எண்ணெய், மார்ஜரின் போடலாமா?

வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். நெய் அநேகமாக முழுக்கக் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய்யும் ஒரு மேசைக்கரண்டி பாலும் சரியாக வரும். பால் சேர்க்காமல் விட்டால் மணல் மணலாக, வாயில் கரைகிற குக்கீ வரும். அதுவும் சுவைதான், ஆனால் இழுவை இருக்காது. உருகிய நெய்யை ஊற்றாமல், உறைந்த நெய்யை அடித்துச் சேர்ப்பதே நல்லது.

எண்ணெய் காற்றைப் பிடிக்காது (கேள்வி 1), அதனால் குக்கீ அடர்த்தியாக வரும். மார்ஜரின் டப்பாவில் கொழுப்பு 80 சதவீதம் என்று இருந்தால் போடலாம். ரொட்டியில் தடவுவதற்கென்று விற்கும் குறைந்த கொழுப்பு வகையில் தண்ணீர் அதிகம், குக்கீக்கு வேண்டாம்.

17. முட்டை இல்லாமல் செய்தால் உதிர்ந்து போகுது.

ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் கொழகொழவென்று ஆகும். அது ஒரு முட்டையின் பிடிப்பைத் தரும். அதற்குப் பதில் 50 கிராம் தயிர் சேர்க்கலாம், கொஞ்சம் கேக் பக்கம் போகும். முட்டை இல்லாத குக்கீ ஆறும்வரை மிகவும் எளிதில் உடையும். கேள்வி 9-இல் சொன்ன 5 நிமிடத்தை இதற்கு 10 நிமிடமாக்குங்கள்.

18. அச்சில் நட்சத்திரமாக வெட்டினேன், வட்டமாக வெந்து வந்தது.

அச்சுக் குக்கீக்கு உப்பவைக்கும் பொருள் எதுவும் அதிகம் தேவையில்லை. சோடாவை விட்டுவிடுங்கள், பவுடரையும் பாதியாக்குங்கள். மாவை இரண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவே திரட்டி, வெட்டி, ட்ரேயோடு 15 நிமிடம் ஃபிரீசரில் வைத்து நேராகச் சூடான ஓவனுக்கு மாற்றுங்கள். திரட்டும்போது மைதாவை அள்ளித் தூவினால் வடிவம் நிற்கும், ஆனால் குக்கீ வறண்டுவிடும்.

19. மைக்ரோவேவில் சுடலாமா?

கன்வெக்ஷன் வசதி இருந்தால் சுடலாம். வெறும் மைக்ரோவேவ் முறையில் மாவிலுள்ள தண்ணீர்தான் சூடாகும், சுற்றியுள்ள காற்று சூடாகாது. அதனால் வெந்தாலும் சிவக்காது, ஆறியதும் ரப்பராகிவிடும். உலோக ட்ரேயைக் கன்வெக்ஷன் முறைக்கு மட்டும், அதுவும் இயந்திரத்தோடு வந்த கையேடு அனுமதித்தால் மட்டும் வையுங்கள்.

20. பச்சை மாவைக் கொஞ்சம் ருசி பார்க்கலாமா?

வேண்டாம். முட்டை மட்டும் இல்லை, வேகாத மைதாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம். ருசி பார்க்க ஒரு உருண்டையைச் சுட்டுக்கொள்ளுங்கள்.

21. மலைப்பகுதிக்குக் குடிவந்த பிறகு, எப்போதும் சரியாக வந்த செய்முறை கூடத் தட்டையாகிறது.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். குக்கீக்குள் உள்ள வாயு அதிகமாக விரியும், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். சுமார் 1000 மீட்டருக்கு மேலே இது நன்றாகத் தெரியும். சோடாவையும் சர்க்கரையையும் கொஞ்சம் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி மைதா கூட்டி, ஓவனை 10 டிகிரி ஏற்றிச் சற்று முன்னதாக எடுங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியும்.

22. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் இழுவை, இரண்டும் ஒரே குக்கீயில் வேணும். என்னதான் செய்யறது?

மேலே சொன்னவற்றைச் சேர்த்தால் வரும். 115 கிராம் வெண்ணெயை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். இந்த வகைக்குக் காற்று தேவையில்லை, அதனால் கேள்வி 1 இதற்குப் பொருந்தாது. 110 கிராம் பிரவுன் சுகர், 50 கிராம் வெள்ளைச் சர்க்கரை, ஒரு முட்டை, கூடவே ஒரு மஞ்சள் கரு சேர்த்துக் கலக்குங்கள். 170 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு மூன்றையும் சலித்துப் போட்டு, தடம் மறையும்வரை மட்டும் கிளறி, 150 கிராம் நறுக்கிய சாக்லேட் சேருங்கள்.

வெண்ணெய் உருகியது என்பதால் குளிரவைப்பதை இதில் தவிர்க்கவே முடியாது. குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ஒரு நாள். 50 கிராம் உருண்டைகளாக, தட்டாமல் உயரமாகவே வைத்து, 190 டிகிரியில் சுடுங்கள். நல்ல சூட்டில் ஓரம் வேகமாக இறுகும், உயரமான நடுப்பகுதி பின்தங்கும். மொறுமொறுப்பும் இழுவையும் அந்த வித்தியாசத்தால்தான் கிடைக்கின்றன. 9-ஆவது நிமிடத்திலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்க்க ஆரம்பியுங்கள். பெரும்பாலும் 12 நிமிடத்துக்குள் எடுத்துவிடலாம்.